ஓய்வூதியம்: வாக்குறுதி இருக்கிறது, பணம் எங்கே? வண்ணார்பேட்டை சொல்லும் பாடம்

நெல்லை வண்ணார்பேட்டையில் உள்ள அரசுப் போக்குவரத்துக் கழக அலுவலகத்தின் முன்பு கடந்த சில ஆண்டுகளில் பல முறை ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நரைத்த தலையும் கையில் பதாகையுமாக ஓய்வுபெற்ற ஓட்டுநர்களும் நடத்துநர்களும் நிற்பார்கள். பாபநாசத்துக்கும் தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே தருவதாகச் சொன்ன அகவிலைப்படி உயர்வைத்தான் கேட்டார்கள்.

அதே தெருவில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி உயரும்போது அவரது ஓய்வூதியமும் தானாக உயர்ந்துவிடும். இருவருக்கும் வாக்குறுதி தந்தது ஒரே அரசுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், அரசு ஓய்வூதியத்தின் எதிர்காலம் பற்றி நடக்கும் விவாதத்தின் பெரும்பகுதி புரிந்துவிடும். அரசுப் பணியில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும், பீடி சுற்றும் தாய்மார்கள் உள்ள வீடுகளுக்கும், பள்ளிவாசல் ஊழியர்களுக்கும் பயன்படும் வகையில் அதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பழைய ஓய்வூதியத் திட்டம்: கருவூலமே பொறுப்பு

2003 மார்ச் 31 வரை தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கென்று ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. 30 ஆண்டுகள் பணி முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதன்மேல் அகவிலைப்படி. அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

இதற்கென்று தனியாக ஒரு நிதி கிடையாது. இந்த ஆண்டு வசூலாகும் வரியிலிருந்து இந்த ஆண்டு ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. இதன் பலம், அரசு இருக்கும்வரை பணம் வரும் என்பது. இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் செலவுக்கு இன்று யாரும் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. ஓய்வுபெற்றோர் எண்ணிக்கையும் ஆயுளும் கூடக் கூட, சுமை முழுவதும் அடுத்த தலைமுறை வரி செலுத்துவோர் மீது விழுகிறது.

2025-26 ஆம் ஆண்டுக்கான தமிழக வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வூதியத்துக்கும் ஓய்வுகாலப் பலன்களுக்கும் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டின் மொத்த வருவாய் வரவு மதிப்பீடு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். அதாவது அரசுக்கு வரும் எட்டு ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய், ஏற்கெனவே வேலை செய்து முடித்தவர்களுக்குப் போகிறது. அது அவர்கள் உழைத்துச் சம்பாதித்த உரிமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்தோ வர வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை.

போக்குவரத்துக் கழகம்: ஓட்டுநருக்கு என்ன நடந்தது?

நெல்லை மக்கள் "கட்டபொம்மன்" என்று அழைத்துப் பழகிய போக்குவரத்துக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பகுதியானது. அரசே நடத்தினாலும் இது சட்டப்படி ஒரு நிறுவனம். இதன் ஊழியர்கள் நேரடி அரசு ஊழியர்கள் அல்லர். ஆகவே அவர்களின் ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருவதில்லை.

1998 செப்டம்பர் முதல் அவர்களுக்கென்று ஓய்வூதியத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்காக ஓய்வூதிய நிதி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகம் செலுத்த வேண்டிய பங்கு இந்த அறக்கட்டளைக்குச் செல்லும். அதிலிருந்து ஓய்வூதியம் வழங்கப்படும். ஏட்டில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் வந்தன.

முதலாவது, கழகங்கள் தொடர்ந்து நட்டத்தில் ஓடின. டீசல் விலை ஏறும். கட்டணம் அரசின் முடிவுக்குக் காத்திருக்கும். லாபம் இல்லாத கிராமத் தடங்களிலும் பேருந்து ஓட வேண்டும். அது மக்கள் சேவை, தேவையானதும்கூட. ஆனால் அந்தச் சேவையின் செலவை உரிய காலத்தில் ஈடுகட்டாதபோது ஊழியர்களின் நிதியில் கை வைக்கும் நிலை வருகிறது.

இரண்டாவது, 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. பங்களிப்புத் தருவோர் ஆண்டுதோறும் குறைந்தார்கள். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் கூடினார்கள். கிணற்றுக்கு ஊற்றை அடைத்துவிட்டு இறைப்பதை மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

2015 நவம்பருக்குப் பிறகு ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வு பல ஆண்டுகள் நின்றுபோனது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் மாநிலம் முழுவதும் சுமார் 90 ஆயிரம் பேர். பணிக்கொடையும் வைப்பு நிதியும் ஓய்வுபெற்ற நாளில் கைக்கு வராமல், அரசு நிதி ஒதுக்கும்போது தவணை தவணையாக வந்தன. மகளின் திருமணத்தையும் வீட்டுக் கடனையும் அந்தப் பணத்தை நம்பித் திட்டமிட்டிருந்த குடும்பங்கள் பட்ட பாடு வெளியே சொல்லி மாளாது. 2018 ஜனவரியில் எட்டு நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்திலும், 2024 ஜனவரி 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்திலும் ஓய்வுபெற்றோரின் நிலுவை முக்கியக் கோரிக்கையாக இருந்தது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஆசிரியருக்குப் பின்னால் மாநிலக் கருவூலம் நிற்கிறது. ஓட்டுநருக்குப் பின்னால் நிதி வறண்ட ஓர் அறக்கட்டளை நின்றது. வாக்குறுதி ஒன்றே, அதற்கான பணம் இருந்த இடம்தான் வேறு.

பங்களிப்பு ஓய்வூதியம்: பணம் உண்டு, உறுதி இல்லை

2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு, புதிதாகச் சேர்வோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக சி.பி.எஸ். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் ஊழியர் பங்கு; அதே அளவு அரசின் பங்கு. மத்திய அரசு தன் புதிய ஊழியர்களுக்கு 2004 ஜனவரி 1 முதல் என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது.

என்.பி.எஸ். பணம் பங்குச் சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. தமிழகமோ அதில் சேரவில்லை. பிடித்த பணத்தை அரசே வைத்துக்கொண்டு, பொது வைப்பு நிதிக்கு உரிய வட்டி விகிதத்தைச் சேர்த்து வந்தது. ஓய்வுபெறும்போது அந்தத் தொகை மொத்தமாகத் தரப்படும். மாதாமாதம் ஓய்வூதியம் என்று எதுவும் வராது. இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஓய்வுபெற்ற மறுமாதமே மாத வருமானம் இல்லாத மனிதராகிவிடுவார்.

பழைய திட்டத்தில் உறுதி இருந்தது, ஒதுக்கி வைத்த பணம் இல்லை. இந்தத் திட்டத்தில் ஒதுக்கி வைத்த பணம் இருந்தது, உறுதி இல்லை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ இருபது ஆண்டுகளாகப் போராடியது இதற்காகத்தான்.

ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் 2022, 2023 ஆண்டுகளில் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. மத்திய அரசு நடுவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 10 ஆண்டுகள் பணி இருந்தால் குறைந்தது 10 ஆயிரம் ரூபாய். இதற்காக ஊழியர் 10 சதவீதமும் அரசு 18.5 சதவீதமும் செலுத்தும்.

தமிழகத்தின் புதிய அறிவிப்பு

தமிழகத்தில் ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. அதன் அறிக்கைக்குப் பின், 2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். அதன் முக்கிய அம்சங்கள்:

- கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம்.
- ஊழியர் பங்கு 10 சதவீதம் தொடரும். மீதிச் செலவு அரசுடையது.
- ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி உயர்வு.
- ஓய்வூதியர் இறந்தால் அவரது ஓய்வூதியத்தில் 60 சதவீதம் குடும்பத்துக்கு.
- பணிக்கொடை அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய்.

கடைசி அடிப்படைச் சம்பளம் 60 ஆயிரம் ரூபாய் என்றால் ஓய்வூதியம் 30 ஆயிரம், அதன்மேல் அகவிலைப்படி. ஒரு குடும்பம் நிம்மதியாக மூச்சு விடக்கூடிய தொகைதான். இதற்காக ஓய்வூதிய நிதிக்கு ஒருமுறை 13 ஆயிரம் கோடி ரூபாயும், பிறகு ஆண்டுதோறும் சுமார் 11 ஆயிரம் கோடி ரூபாயும் தேவைப்படும் என்று அரசே கூறியது. சம்பளம் உயர உயர இந்தத் தொகையும் உயரும்.

இங்கேதான் வண்ணார்பேட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த 11 ஆயிரம் கோடி ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நிதியில் சேர்ந்தால், இது இரண்டு பழைய திட்டங்களின் நன்மையையும் கொண்ட ஏற்பாடு. ஓராண்டு வெள்ளம், ஓராண்டு தேர்தல், ஓராண்டு வருவாய்க் குறைவு என்று தள்ளிப்போட்டால், இருபது ஆண்டுகள் கழித்து ஆசிரியர்களும் அதே பதாகையுடன் நிற்க நேரும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது பொருந்தும்.

பணத்துக்கான வழிகள் என்ன?

அரசுகளின் முன்னால் உள்ள வழிகள் மிகச் சிலவே. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

*பங்களிப்பைக் கூட்டுவது.* ஊழியரிடமிருந்தோ அரசிடமிருந்தோ கூடுதலாகப் பிடிப்பது. யு.பி.எஸ். திட்டத்தில் மத்திய அரசு தன் பங்கைக் கூட்டியது இந்த வழி.

*ஓய்வு வயதை உயர்த்துவது.* தமிழகம் 2020-இல் 58-ஐ 59 ஆக்கியது. 2021-இல் 60 ஆக்கியது. அதனால் ஓய்வுகாலப் பலன்களைத் தரும் நாள் தள்ளிப்போனது. செலவு தள்ளிப்போகுமே தவிர நீங்காது. வேலைக்குக் காத்திருக்கும் நம் இளைஞர்களும் அந்த ஆண்டுகளை இழக்கிறார்கள்.

*தனி வரி விதிப்பது.* கேரளம் 2023-இல் சமூகப் பாதுகாப்பு நிதிக்கென்று பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் வசூலிக்கத் தொடங்கியது. பணம் எதற்கு என்று வெளிப்படையாகச் சொன்னது நல்லது. ஆனால் அந்தச் சுமை ஆட்டோ ஓட்டுநர் மீதும் விழுகிறது.

*கடன் வாங்குவது.* எல்லா அரசுகளுக்கும் எளிதான வழி. இன்றைய முதியவருக்குத் தரும் பணத்தை இன்றைய குழந்தையின் பெயரில் எழுதி வைப்பது.

இதற்கிடையே காலம் நமக்குச் சாதகமாக இல்லை. 60 வயதைக் கடந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்குத்தான். 2021-இல் மக்கள் தொகையில் 13.6 சதவீதமாக மதிப்பிடப்பட்ட முதியோர் பங்கு, 2031-இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலம் போய்விட்டது. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அவர்களும் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள்.

பேசப்படாத பெரும்பான்மை

அரசு ஊழியர் ஓய்வூதியம் பற்றித் தலைப்புச் செய்திகள் வருகின்றன. ஆனால் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் நம் குடும்பங்களில் பெரும்பாலானோர் அரசு ஊழியர்கள் அல்லர். தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், கடை ஊழியர்கள், தையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள். அவர்களின் முதுமைக்கு என்ன இருக்கிறது?

*பீடித் தொழிலாளர் ஓய்வூதியம்.* வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1977-இல் பீடித் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுவோருக்கும் அது பொருந்தும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 10 ஆண்டுகள் பணிக்கணக்கு இருந்தால் 1995 ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. கணக்கு எளிது: சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதச் சம்பளம் 6,000, பணி 15 ஆண்டுகள் என்றால் கிடைப்பது 1,286 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதற்கு அகவிலைப்படியும் கிடையாது. இன்று கிடைக்கும் தொகைதான் இருபது ஆண்டுகள் கழித்தும்.

*முதியோர் உதவித்தொகை.* தமிழகத்தில் 1962-இல் தொடங்கிய திட்டம். இப்போது மாதம் 1,200 ரூபாய். 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய் மட்டுமே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது மாறவில்லை. மீதி முழுவதும் மாநிலத்தின் பொறுப்பு.

*உலமா ஓய்வூதியம்.* வக்ஃபு நிறுவனங்களில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற உலமாக்களுக்கான மாத ஓய்வூதியத்தை 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்த்துவதாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியமும் 2009 முதல் இருக்கிறது. தம் பள்ளிவாசல் இமாமையும் முஅத்தினையும் அதில் பதிவு செய்திருக்கிறோமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒருமுறை சரிபார்க்கலாம்.

அரசு ஊழியருக்கு உறுதியான ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்பது நியாயம். அதே கருவூலத்தில் பீடி சுற்றும் பெண் வாங்கும் சோப்புக்கான வரியும் இருக்கிறது. அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கேட்பதும் நியாயமே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், யாசகம் கேட்டு நின்ற யூத முதியவர் ஒருவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்க உத்தரவிட்ட செய்தி நாம் அறிந்ததே. இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அதன் அடிப்படை.

வட்டி பற்றிய கேள்வி

வைப்பு நிதியிலும் ஓய்வூதிய நிதியிலும் சேரும் வட்டியை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை ஊழியரின் கைக்கே வருவதில்லை. ஆகவே அதன்மீது நிர்வாகம் சேர்த்துத் தருவது வட்டியாகாது என்பது இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்கள் பலரின் விளக்கம். விருப்பப்படி கூடுதலாகச் செலுத்தும் தொகைக்கு அவர்கள் இதே சலுகையைத் தருவதில்லை. அடல் பென்ஷன் போன்று நாமாகச் சேரும் திட்டங்களும் இந்த இரண்டாவது வகையில் வருவதால், சேரும் முன் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மலேசியாவின் ஊழியர் சேமநிதி 2017 முதல் ஷரீஅத் முறையிலான சேமிப்பைத் தனித் தேர்வாகத் தருகிறது. அங்கே உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். அது போன்ற ஒரு தேர்வை நம் நாட்டு ஓய்வூதிய நிதிகளிலும் வைக்கும்படி நம் பிரதிநிதிகள் கேட்கலாம்.

குடும்பங்கள் இப்போதே செய்ய வேண்டியவை

1. பீடிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் "பாத்திமா", மற்றோரிடத்தில் "பாத்திமா பீவி" என்று இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வரும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

2. 10 ஆண்டுகள் முடியும் முன் வேலையை விட்டால், அவசரப்பட்டு ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னர் வேறிடத்தில் செய்யும் பணிக்காலம் அதனுடன் சேரும்.

3. அரசுப் பணியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ இருப்பவர்கள் தம் பங்களிப்புக் கணக்கு அறிக்கையை ஆண்டுதோறும் எடுத்துப் பாருங்கள். விடுபட்ட மாதங்களுக்கு உடனே எழுத்தில் கேளுங்கள். நியமனதாரர் பெயரையும் சரிபாருங்கள்.

4. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றை மறக்காதீர்கள். வீட்டில் உள்ள இளைஞர் கைப்பேசியிலேயே அதைப் பதிவு செய்து கொடுக்கலாம்.

5. தகுதியிருந்தும் முதியோர் உதவித்தொகை பெறாதவர்கள் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஜமாஅத் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் இதற்காக இரண்டு படித்த பிள்ளைகள் உட்கார்ந்தால், பல வீடுகளில் மருந்துச் செலவுக்கு வழி பிறக்கும்.

6. ஓய்வுகாலத் தொகை வந்த பிறகு செய்யலாம் என்று கடன் வாங்கித் திருமணத்தை நடத்தாதீர்கள். போக்குவரத்துக் குடும்பங்கள் கற்ற பாடம் இது.

தேர்தல் நேரத்தில் ஓய்வூதியம் பற்றிப் பேச வரும் வேட்பாளரிடம் "எவ்வளவு தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த நிதியிலிருந்து, ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கி, அதை யார் கண்காணிக்க?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வண்ணார்பேட்டையில் நின்ற ஓட்டுநர்களிடமும் ஒரு வாக்குறுதி இருந்தது. எழுத்தில்கூட இருந்தது. அதற்கான பணத்தை ஒதுக்கி வைக்கத்தான் யாரும் இல்லை.

உழைத்த முதியோர் யாரிடமும் கையேந்தாமல் வாழ அல்லாஹ் அருள் புரிவானாக.